கமுகம்பாளையில் ஒரு தொலைநோக்கி

கடலுக்கு அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்த படம். நீலத்தின் நடுவே பெரிய யானை ஒன்று மிதக்கிறது. தரையில் நடப்பது போலவே நான்கு கால்களும் தண்ணீரை மிதிக்கின்றன; மூச்சு விடத் தும்பிக்கை மட்டும் மேலே எழுந்திருக்கிறது. அந்தமானின் ஹேவ்லாக் தீவில், இன்றைய ஸ்வராஜ் த்வீப்பில், வாழ்ந்த ராஜன் அது. பல நாட்டு ஒளிப்படக்காரர்கள் தேடி வந்து அதைப் படமெடுத்தார்கள். தர்செம் சிங்கின் 'தி ஃபால்' (2006) திரைப்படத்திலும் அது நீந்துகிறது.

இதைப் பார்த்ததும் நீந்தும் யானை ஒன்றை வரையத் தோன்றுவது இயல்பு. இன்று செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வரி தட்டினால் இதே நீலத்தில் நூறு யானைகள் வந்து நிற்கும். ஆனால் ராஜன் ஏன் நீந்தியது?

1970களில் மரம் இழுப்பதற்காக அந்தமானுக்குக் கப்பலேற்றப்பட்ட யானை அது. மரம் வெட்டும் கூப்பு வேலைக்காகத் தீவு விட்டுத் தீவு போக வேண்டியிருந்தது. அதற்காகக் கடலில் நீந்தப் பழக்கினார்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. வேலை போன யானை ஒரு விடுதியின் பராமரிப்பில் வாழ்ந்து 2016இல் இறந்தது. நாம் வியந்து பார்க்கும் அந்த நீச்சல் உழைப்பில் பிறந்தது. அதை அறிந்த ஓவியர் வேறொரு யானையை வரைவார். தோலில் சங்கிலித் தழும்பு இருக்கும்; கண்ணில் வயது தெரியும்.

அழகை மட்டும் அள்ளிக்கொண்டு போகும் பழக்கம் இந்தத் தீவுகளுக்குப் புதிதல்ல. 1890களில் மாரிஸ் விடல் போர்ட்மன் என்ற ஆங்கிலேய அதிகாரி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக அந்தமான் பழங்குடிகளைப் படமெடுத்தார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட திரைக்கு முன்னால் ஆடையின்றி நிறுத்தினார், உடலை அளப்பதற்கு வசதியாக. அந்தப் படங்களின் ஒளியும் கூர்மையும் இன்றும் பிரமிக்க வைக்கும். அந்தக் காலத்தில்தான் அவர்கள் வெளியார் கொண்டுவந்த நோய்களில் கூட்டம் கூட்டமாக மடிந்துகொண்டிருந்தார்கள்.

2012 ஜனவரியில் அந்தமானின் ஜாரவா பழங்குடிப் பெண்களை உணவு காட்டி ஆடவைத்த காணொளி வெளியாகி நாடே கொதித்தது. இப்படிப் பாதுகாக்கப்பட்ட பழங்குடிகளைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். இந்தத் தடையால் கலைக்கு நட்டம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஓர் இனத்தின் விருப்பமின்றி எடுக்கும் படத்தில் கலைஞர் கற்க ஒன்றுமில்லை.

கற்பதற்கு அதே தீவுகளில் அருமையான ஆசான்கள் உண்டு. மத்திய நிக்கோபார் மக்கள் கமுகம்பாளையை விரித்துத் தட்டையாக்கி அதில் ஓவியம் தீட்டினார்கள். 'ஹெந்தா' என்று பெயர். வீட்டில் ஒருவர் நோயில் படுத்தால், கெட்ட ஆவிகளை விரட்ட அதைத் தொங்கவிடுவார்கள். சூரியன், சந்திரன், மீன், தென்னை எல்லாம் அதில் இருக்கும். கூடவே பாய்மரக் கப்பலும், தொலைநோக்கியும், கோட்டுப் போட்ட ஐரோப்பியரும்! கடல்வழியே கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துத் தங்கள் வீட்டு நோயாளிக்குக் காவல் வைத்துவிட்டார்கள். சிப்பிக் கண்களோடு பல்லைக் காட்டி நிற்கும் அவர்களின் மரச் சிற்பங்களுக்கும் அதே வேலைதான். வெளியிலிருந்து வரும் உந்துதலை எப்படித் தன்வயமாக்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எந்தக் கலைக்கல்லூரியிலும் கிடைக்காது.

வருத்தம் என்னவென்றால், பழைய ஹெந்தாக்களில் பல ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஊரில் மிஞ்சிய எத்தனையோ பொருள்களை 2004 சுனாமி வாரிக்கொண்டு போனது. ஸ்ரீ விஜயபுரத்து (பழைய போர்ட் பிளேர்) மானுடவியல் அருங்காட்சியகத்தில் நிக்கோபார் மரச் சிற்பத்தை இப்போதும் பார்க்கலாம். சுற்றுலா வந்தவர்கள் அங்குள்ள செல்லுலார் சிறைச்சாலையைப் பார்த்த களைப்பில் அரை நிமிடத்தில் கடந்துபோகிறார்கள்.

தீவுகளின் பள்ளிகளில் ஓவிய வகுப்பு ஹெந்தாவிலிருந்து தொடங்க வேண்டும். வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ள ஹெந்தாக்களின் நல்ல படங்களைக் கேட்டு வாங்கி, நிக்கோபார் பெரியவர்களின் சம்மதத்தோடு அச்சிட்டுக் கொடுக்கலாம். இலங்கையிலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையும், பக்கத்து நிக்கோபார் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வரையட்டும். சென்னையிலிருந்து மூன்று நாள் ஓடிவரும் கப்பல், மோட்டார் வைத்த டிங்கி, கைபேசிக் கோபுரம் என்று அவர்கள் காண்பவை அந்தத் தாளில் எங்கே எந்த வேலைக்கு நிற்கும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.