பரீட்சை உங்களுக்கு இல்லை

நண்பரின் மகன் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை காலை வந்து, "அங்கிள், ஒரு டெஸ்டுக்கு நீங்க வரணும்" என்றான்.

"சுகர் இருக்கு. டெஸ்ட் பண்ணித்தான் தெரியணுமா?" என்றேன்.

அந்த டெஸ்ட் இல்லையாம். அவனும் ஏழெட்டு சிநேகிதர்களும் சேர்ந்து, சென்னையில் கையில் காசில்லாமல் பசித்தால் எங்கே போகலாம் என்று செல்போனில் பார்க்கிற மாதிரி ஒரு வழிகாட்டி தயாரித்திருக்கிறார்கள். என்.எஸ்.எஸ்.ஸுக்கு இத்தனை மணி நேரம் காட்டவேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்புறம் விஷயம் உள்ளே இழுத்துவிட்டது. ரேஷன், 2013-ல் வந்த அம்மா உணவகம், 2002-லிருந்து நடக்கும் கோயில் அன்னதானத் திட்டம், 2022-ல் தொடங்கிய பள்ளிக் காலை உணவு எல்லாம் அதில் உண்டு. (வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. அதற்கு வெப்சைட் தேவைப்படவில்லை.)

இந்த வழிகாட்டியை நிஜ மனிதர்கள் கையில் கொடுத்து, உபயோகிக்க வருகிறதா என்று பார்ப்பதுதான் டெஸ்ட். முதல் பலி நான்.

"அங்கிள், நீங்க பீகார்லேர்ந்து வந்து இங்க கட்டட வேலை செய்யறீங்க. ஊர் ரேஷன் கார்டை வச்சு இங்க அரிசி வாங்கலாமான்னு கண்டுபிடிங்க."

தேடினேன். முதலில் 'திட்டத்தின் நோக்கம்' என்று மூன்று பாரா. அப்புறம் 2013-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கும் கீழே, கட்டைவிரல் வலித்த பிறகு, விடை கிடைத்தது. வாங்கலாம். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்துவிட்டது. மத்திய சட்டத்தின் கீழ் வரும் கார்டாக இருந்தால் கார்டு எண்ணையோ ஆதார் எண்ணையோ சொல்லிக் கைரேகை வைத்தால் போதும். சாதாரணமாக ஆளுக்கு மாதம் 5 கிலோ.

"கெடச்சுது. ஆனா ஒரு சந்தேகம்" என்றேன். "பீகார்க்காரருக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் அவசரமாக நோட்டுப் புத்தகத்தில் 'இந்தி' என்று எழுதிக்கொண்டான்.

நான் தடுமாறியபோது பக்கத்தில் இருந்த பையன் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினான். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. நாளைக்கு ராத்திரி பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் பசியோடு ஒருத்தன் இதைப் பார்க்கும்போது பக்கத்தில் இவன் இருக்கமாட்டான். யார் எங்கே முழிக்கிறார்கள், எதைத் தப்பாக அமுக்குகிறார்கள் என்று சும்மா பார்க்க வேண்டும். கல்லூரி வயசில் அதைவிடக் கொடிய தண்டனை கிடையாது.

இதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேண்டுமென்பதில்லை. ஜேக்கப் நீல்சன் என்பவர் 2000-ல் எழுதினார்: ஐந்து பேர் உபயோகிப்பதைக் கவனித்தாலே சுமார் 85 சதவீதக் கோளாறுகள் தெரிந்துவிடும். மிச்சக் காசில் திருத்திவிட்டு இன்னொரு ஐந்து பேரைப் பிடிப்பது உத்தமம் என்றார்.

பணக்கார தேசத்திலும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் ஏழைகளுக்கான உணவு உதவிக்கு ஆன்லைனில் மனுப்போட ஐம்பதுக்கு மேற்பட்ட திரைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. 'கோட் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்பின் இளைஞர்கள் 2013-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தாங்களே மனுப்போட்டுப் பார்த்து, எங்கெங்கே இடிக்கிறது என்று குறித்துக்கொண்டார்கள். பிறகு செல்போனில் பத்து நிமிஷத்தில் முடிகிற மாதிரி செய்தார்கள். பசிக்கிறவனிடம் கம்ப்யூட்டர் இருக்காது, போன்தான் இருக்கும் என்பது அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லை போலும்.

மத்தியானம் சைதாப்பேட்டைக்குப் போனோம். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் பையன் போனைக் கொடுத்து, "பக்கத்துல மத்தியான சாப்பாடு எங்க கெடைக்கும்னு இதுல தேடுங்கம்மா" என்றான்.

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "அமுக்குனா காசு போயிடுமா?"

போகாதென்றதும், சாதத் தட்டின் படத்தை அமுக்கினார். அது வெறும் படம். மறுபடி அமுக்கினார். நிஜ பட்டன் கீழே சாம்பல் கலரில் யாருக்கும் தெரியாமல் பதுங்கியிருந்தது. எப்படியோ அதைத் தாண்டினால் மேப் வந்தது. நடுவில் நீலப் புள்ளி.

"இது இன்னா?"

"நீங்க இருக்கற எடம்மா."

"நான் எங்க கீறேன்னு எனக்குத் தெரியும்பா."

பத்து நிமிஷமாயிற்று. பதினைந்து. நெற்றியில் வியர்வை. "படிப்பு கம்மிப்பா எனக்கு. தப்பு என் மேலதான்" என்றார்.

"ஐயோ, பரீட்சை உங்களுக்கு இல்லம்மா, எங்களுக்குத்தான்" என்றான். முகம் சிவந்துவிட்டது. அந்த மேப்பைப் போட்டவனே அவன்தான்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். அம்மா உணவகம், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், பகல் 12 முதல் 3 வரை. கைதட்டினார்கள். அந்த அம்மா போனிலேயே மணி பார்த்தார். 2.45.

"முடிஞ்சுதாப்பா? நான் போவணும்."

"வேலை இருக்காம்மா?"

"சாப்பிடத்தான். இதே எடம். மூணுக்கு மூடிடுவாங்க."

பையன் எழுந்துவிட்டான். "தெனம் அங்கதான் சாப்பிடறீங்களா? மொதல்லியே சொல்லியிருக்கலாமேம்மா!"

"நீதான் போன்ல தேடச் சொன்ன." பூக்கூடையை மூடிக்கொண்டே, "கோயில் சாப்பாடு போட்டுக்கீறியே, அதுக்குக் காலைலயே டோக்கன் வாங்கணும். அத்தப் போடலியே நீ" என்றார்.

நோட்டுப் புத்தகக்காரன் எழுதுவதற்குள் இவன் அந்த அம்மாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டான். ஹெல்மெட்டை அவருக்குப் போட்டுவிட்டதால் போலீஸுக்கு யார் அபராதம் கட்டுவது என்று மற்றவர்கள் விவாதித்தார்கள்.

அரை மணியில் திரும்பினான்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது அங்கிள். நீயும் சாப்பிடலியேன்னு எனக்கும் ஒரு சாம்பார் சாதம் வாங்கிக் குடுத்துட்டாங்க. காசு குடுத்தா வாங்க மாட்டேங்கறாங்க."