ஆறு மணி நெரிசலில் ஓட்டிப் பாருங்கள்

பழைய தீயணைப்பு நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டவேண்டும் என்பதில் எந்த நகராட்சியிலும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் சிக்கல். நமது பழைய நிலையங்கள் பல கடைவீதியின் மத்தியில் இருக்கின்றன. அந்தக் காலத்துச் சிறிய வண்டிகளுக்காகக் கட்டிய கொட்டகைக்குள் இன்றைய ஏணி வண்டி நுழையாது. மனையின் மதிப்போ கோடிகளில். எனவே கோப்பில் ஒரு யோசனை தானாக முளைக்கிறது: புறவழிச்சாலை ஓரம் விசாலமான புதிய நிலையம், பழைய இடத்தில் வணிக வளாகம்.

நகரங்களில் அழைப்பு வந்த 5 முதல் 7 நிமிடத்துக்குள் வண்டி சேரவேண்டும் என்பது மத்திய தீயணைப்பு ஆலோசனைக் குழு வகுத்த அளவுகோல். புறவழிச்சாலையிலிருந்து மாலை நேரத்தில் கடைவீதிக்கு வர அது போதுமா?

அருகில் இருந்தால் மட்டும் போதாது என்பதும் உண்மையே. கொல்கத்தாவில் 2010 மார்ச் 23 அன்று பார்க் ஸ்ட்ரீட்டின் ஸ்டீபன் கோர்ட் கட்டடம் எரிந்தது. மாநிலத் தீயணைப்புத் தலைமையகம் மிர்சா காலிப் தெருவில், நடந்தே போய்விடும் தூரத்தில். அப்படியும் 43 பேர் மாண்டனர். உயிர் தப்ப மேல்மாடிகளிலிருந்து குதித்தவர்களும் உண்டு. உயரமான ஏணி வந்து சேரத் தாமதமானது என்ற கோபம் அந்த நகரில் நெடுநாள் அடங்கவில்லை.

ஆகவே பெரிய நிலையம் தேவைதான். ஆனால் அதற்காகப் பழைய மனையை விற்கவேண்டியதில்லை. ஏணி வண்டியும் பயிற்சித் திடலும் புறநகருக்குப் போகட்டும். சந்துகளில் புகும் சிறிய வண்டி இரண்டும், ஆட்களும் பழைய இடத்திலேயே நிற்கட்டும். ஊழியர் குடியிருப்பை நிலையத்தோடு சேர்த்தே கட்டவேண்டும். செலவு மிச்சம் என்று முதலில் அடிபடுவது அதுதான்.

பணமில்லை என்ற சாக்கும் முன்போல எடுபடாது. தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க 2023இல் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின் அளவு 5,000 கோடி ரூபாய். பெரும்பாலான மாநிலங்கள் தம் பங்காக 25 சதவீதம் போட்டால் போதும்.

திட்டம் தீட்டும் பொறியாளர்கள் வரைபடத்தில் காம்பசை ஊன்றி வட்டம் போடுகிறார்கள். வட்டத்துக்குள் ரயில்வே கேட்டும் உண்டு, காய்கறிச் சந்தையும் உண்டு. இடத்தை முடிவு செய்யுமுன் தண்ணீர் நிரப்பிய வண்டி ஒன்றை மாலை ஆறு மணிக்கு அங்கிருந்து கடைவீதிவரை ஓட்டி, கடிகாரத்தைப் பார்க்கலாம். செலவு கொஞ்சம் டீசல்.