பேராசை என்று சொல்லாதீர்கள்

‘பேராசை பெரு நஷ்டம்’ என்ற பழமொழியைக் கொஞ்ச காலத்துக்கு மூட்டை கட்டிப் பரணில் போட்டு வைத்தால் நல்லது என்று எனக்குப் படுகிறது. ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்று செல்போனில் வந்த செய்தியை நம்பிப் பணத்தை விட்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வராத வாரம் இல்லை. படித்தவுடன் எல்லோரும் சொல்வது இந்தப் பழமொழியைத்தான். சொல்லிவிட்டு, நாம் அப்படி இல்லை என்ற திருப்தியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

என் கருத்து வேறு. இவர்களில் பலர் கோடிக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லை. ஒரு நாளைக்கு நூறு, இருநூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டவர்கள். அதையும் சும்மா கேட்கவில்லை. ஏதோ ஒரு வேலை செய்து அதற்குக் கூலியாகக் கேட்டார்கள். அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது தவறு. அப்படிச் சொல்வதால் லாபம் அடைகிறவன் ஏமாற்றுகிறவன்தான். எப்படி என்று சொல்கிறேன்.

இந்த வியாபாரம் தொடக்கத்தில் ஏமாற்று வேலையாக இருக்கவில்லை. 1990களின் கடைசியில் அமெரிக்க விளம்பரக் கம்பெனிகளுக்கு ஒரு சங்கடம். மின்னஞ்சலில் விளம்பரம் அனுப்பினால் யாரும் திறப்பதில்லை. திறந்து படிக்கிறவருக்கே ஒரு சின்னத் தொகை கொடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். பெயரையும், உங்களுக்குப் பிடித்த விஷயங்களையும் கொடுத்துப் பதிவு செய்துகொண்டால் விளம்பர மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பை அழுத்தி, அரை நிமிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் உங்கள் கணக்கில் ஒரு சென்ட்டோ அரை சென்ட்டோ ஏறும். சில இடங்களில் காசுக்குப் பதில் புள்ளிகள். புள்ளி சேர்ந்தால் பரிசுக் கூப்பன். மைபாயின்ட்ஸ் போன்றவை அப்படி வந்தவைதான்.

1999-இல் ஆல்அட்வான்டேஜ் என்று ஒரு கம்பெனி கிளம்பியது. கணினித் திரையில் ஒரு விளம்பரப் பட்டை ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துக்கொண்டு இணையத்தில் உலாவினால் மணிக்கு 50 சென்ட். நீங்கள் சேர்த்துவிட்டவர் உலாவினாலும் உங்களுக்குக் கொஞ்சம் வரும். கூட்டம் அலைமோதியது. ஆள் இல்லாமலே மவுஸ் அசைவது போல் காட்டும் மென்பொருளைக்கூடச் சிலர் எழுதிவிட்டார்கள்! விளம்பரத்தில் வந்த பணத்தைவிட உறுப்பினர்களுக்குக் கொடுத்தது அதிகமாகி, 2001-இல் கடையைக் கட்டினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃப்ளூஸ், பீன்ஸ் என்ற இரண்டு இணைய ‘நாணய’ நிறுவனங்களும் மூடப்பட்டன. ஆனால் ஒன்று கவனியுங்கள். இவர்கள் யாரும் சேருவதற்கு உங்களிடம் பணம் கேட்கவில்லை.

நான் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன். எங்களிடம் ஒரு பில் வந்தால் தொகை எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால், எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு, அந்தத் தலைப்பில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்ப்போம். தலைப்பு இல்லாத பில்லுக்குப் பணம் கிடையாது. இந்த இணையச் சம்பாத்தியத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு ரூபாய் தருகிறான் என்றால், அந்த ரூபாய் எங்கிருந்து வருகிறது?

நேர்மையான கம்பெனியில் அது விளம்பரதாரர் கொடுத்த பணம். அவர் கொடுப்பதே கொஞ்சம். நடுவில் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நமக்குத் தருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு சென்ட் என்று வையுங்கள். 20 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள் என்றால் 2,000 மின்னஞ்சல் வேண்டும். நாளைக்குப் பத்து வந்தால் 200 நாள். ஒன்றுக்கு 30 விநாடி வீதம் மொத்தம் 16 மணி 40 நிமிடம். 2001-இல் இருந்த டாலர் விலைக்கு 20 டாலர் என்றால் 900 ரூபாய்ச் சொச்சம். அப்போது இங்கே பிரவுசிங் சென்டரில் உட்கார மணிக்கு 20, 30 ரூபாய் வாங்கினார்கள். பிறகு அமெரிக்கக் காசோலையை வங்கியில் போட்டால் வசூல் கட்டணம் வேறு. மிஞ்சுவது காப்பிச் செலவுக்கு ஆகும். இடையில் கம்பெனி மூடிவிட்டால் அதுவும் இல்லை.

இவ்வளவு அற்பத் தொகைக்கு ஏன் ஆட்கள் போனார்கள்? இதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் ‘பொன் புவேன்’ என்று ஒன்று உண்டு. கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னால், கையெழுத்து ஒழுங்காக இருந்தால், ஆசிரியர் ஒரு சின்ன அட்டைத் துண்டு கொடுப்பார். பத்து அட்டை சேர்ந்தால் ஒரு படம். பிரெஞ்சில் ‘பொன்’ என்றால் ‘நல்ல’ என்று பொருள், ஆனால் எங்கள் காதில் அது தங்கமாகவே விழும். அந்தப் படம் கடையில் காலணா பெறாது. இருந்தாலும் அதைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வருகிற மாமா, அத்தை எல்லோரிடமும் காட்டுவோம். நாமாக ஈட்டியது என்ற பெருமை. அந்தப் பெருமை எழுபது வயதிலும் போவதில்லை. ஓய்வூதியம் வந்தாலும், பிள்ளைகள் பணம் அனுப்பினாலும், இந்த மாதம் நான் சம்பாதித்தது என்று சொல்ல ஒரு தொகை இருந்தால் மனசுக்கு ஒரு தெம்பு. இதற்குப் பெயர் பேராசையா?

ஏமாற்றுக்காரர்கள் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நேர்மையான கம்பெனிகள் நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுத்திருந்தன. ஒன்றை அழுத்தினால் காசு வரும், அதுவும் ஒரு வேலைதான் என்ற பழக்கம். அதன் மேல் இவர்கள் கட்டணத்தை ஏற்றினார்கள். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசக் காவல்துறை நொய்டாவில் ஒரு கம்பெனியைப் பிடித்தது நினைவிருக்கலாம். ஒரு லைக் போட்டால் 5 ரூபாய், ஆனால் சேருவதற்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும். சுமார் 3,700 கோடி ரூபாய், லட்சக்கணக்கான மக்கள் என்று சொன்னார்கள். அங்கே கணக்குத் தலைப்பு எது? விளம்பரதாரர் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் காவல்துறையின் குற்றச்சாட்டு. இப்படிப் பணத்தைச் சுற்றிவிடும் திட்டங்களை நம் நாட்டில் 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள்.

இப்போது நடப்பது இன்னும் சுருக்கம். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பெயரில் செய்தி வரும். யூடியூபில் மூன்று வீடியோவுக்கு லைக் போடுங்கள், அல்லது ஒரு ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள், 150 ரூபாய் என்பார்கள். செய்தால் பணம் உண்மையாகவே வந்துவிடும். அடுத்து டெலிகிராம் குழு. அங்கே ஐம்பது அறுபது பேர், எனக்கு இவ்வளவு வந்தது, அவ்வளவு வந்தது என்று படம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய ஆட்களே. பிறகு ‘ப்ரீபெய்ட் டாஸ்க்’. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு. அதுவும் வரும். ஐயாயிரம், இருபதாயிரம் என்று போன பிறகு, பணம் திரையில் மட்டும் தெரியும், கைக்கு வராது. எடுக்க வேண்டுமானால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டு என்பார்கள். கொடுத்ததை மீட்க வேண்டுமே என்று மேலே மேலே கட்டுகிறார்கள். முதலில் வந்த 150 ரூபாய் கூலி இல்லை, அவன் போட்ட தூண்டில் புழு.

எங்கள் தெருவில் ஒரு அம்மாள். அறுபதைத் தாண்டியவர், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். முதல் நாள் வந்த 150 ரூபாயில் பேத்திக்கு ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்து, “இது பாட்டி சம்பாதிச்சது” என்று சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்தில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போய்விட்டது. என்னிடம் வந்து சொன்னபோது பணம் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

“ஏம்மா, அன்னைக்கே பையன்கிட்ட சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“எப்படி சார் சொல்றது? இந்த வயசுல உனக்கு என்ன பணத்தாசைன்னு கேப்பான். மருமக முன்னாடி அந்தப் பேச்சை வாங்கிக்க என்னால முடியாது சார்.”

நான் உடனே புகார் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அவர் பணம் போட்ட கணக்குகள் அதற்குள் காலி. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். இத்தகைய மோசடியில் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று சில மணி நேரத்தில் ஓடிவிடும். ஓடுவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்தி வைக்க முடியும். அதற்காகவே மத்திய உள்துறை 2021 முதல் ஒரு ஏற்பாட்டை நடத்துகிறது. 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் போதும், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் புகார் பதியலாம். முதல் சில மணி நேரம் பொன்னான நேரம். அந்த நேரத்தைத்தான் வெட்கம் தின்றுவிடுகிறது. அந்த வெட்கத்தைக் கொடுத்தவர்கள் நாம்தான், பழமொழி சொல்லிச் சொல்லி.

2023 டிசம்பரில் இத்தகைய பகுதி நேர வேலை மோசடித் தளங்கள் நூற்றுக்கு மேல் முடக்கப்பட்டன. குறிவைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஊழியர்கள், பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் என்று அப்போது அரசு அறிவிப்பே சொன்னது. இந்த மூன்று வகையினரையும் பாருங்கள். வீட்டில் இருக்கிறவர்கள், நேரம் இருக்கிறவர்கள், வேலை செய்ய மனம் இருந்தும் யாரும் வேலை கொடுக்காதவர்கள். பேராசைக்காரர்களின் பட்டியல் இப்படி இருக்காது.

அப்படியானால் ஏமாந்தவர் பக்கம் கவனக்குறைவே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எச்சரிக்கை சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. என் யோசனை இரண்டே கேள்வி. இந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது? கூலி தருகிறவன் என்னிடம் ஏன் முன்பணம் கேட்கிறான்? இரண்டாவது கேள்வி ஒன்றே போதும். நாற்று நடப் போகிறவரிடம் நடுவதற்கு முன் பணம் கட்டு என்று எந்த மிராசுதாரும் கேட்டதில்லை. கூடவே இன்னொன்று. உங்கள் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் வாடகைக்குக் கொடுங்கள், கமிஷன் தருகிறோம் என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. திருட்டுப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் முதலில் வருவது உங்கள் வீட்டுக்கு.

நேர்மையானவையும் இன்று இருக்கின்றன. கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் என்ற செயலியில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் சில ரூபாய் ஏறும். ஆண்ட்ராய்டு போனில் அதைப் பிளே ஸ்டோரில்தான் செலவழிக்கலாம். விளையாட்டாகச் செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் அதைச் சம்பாத்தியம் என்று நம்பி நேரத்தைக் கொட்ட வேண்டாம். நம் ஊரில் முகம் தெரிந்தவர்களுக்குச் செய்யும் சின்ன வேலைகள் எவ்வளவோ உண்டு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம், மனு எழுதிக் கொடுக்கலாம், புதுச்சேரியில் என்றால் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைப் படித்து அர்த்தம் சொல்லலாம். நூறு ரூபாய் கொடுத்தாலும் அது கையில் வருகிற நூறு. வீட்டுப் பெரியவர்கள் இப்படி ஏதாவது செய்கிறேன் என்றால், “உங்களுக்கு என்ன குறை வச்சோம்?” என்று பிள்ளைகள் தடுக்காமல் இருந்தாலே பெரிய உதவி.

நாளைக்கு உங்கள் அம்மாவோ, மாமனாரோ, பக்கத்து வீட்டுப் பையனோ தயங்கித் தயங்கி வந்து பணம் போய்விட்டது என்று சொன்னால், ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள். எப்போது போட்டது, எந்தக் கணக்குக்கு என்று கேட்டுக்கொண்டே 1930-ஐ அழுத்துங்கள். பழமொழி எங்கும் ஓடிப் போகாது. பணம் ஓடிவிடும்.