மணலுக்கடியில் ஓர் ஆறு

ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் பாலாற்றைக் கண்டு, ‘இறந்துபோன ஆறு’ என்பர் சிலர். அவர்கள் கண்டது ஆற்றின் மேற்பரப்பை மட்டுமே. கர்நாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு முதலிய மாவட்டங்களின் வழியே வங்கக்கடலை அடையும் பாலாறு, தன் நீரை மணலுக்கடியில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. அம்மணலில் ஊற்றுக்கால் வெட்டி, கசிந்த நீரை வயலுக்குத் திருப்பினர் நம் முன்னோர். மேலே நீரோட்டம் நின்ற பின்னரும் அந்நீர் பயிரைக் காத்தது.

அவ்வூற்றுக்கண்களை அடைத்தவர் நாமே. மணலை அளவின்றி அள்ளினோம். நீரைத் தேக்கும் இடம் குறைந்தது. ஆழ்துளைக் கிணறுகள் எஞ்சியதையும் உறிஞ்சின. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவோ நிலத்தடி நீரை உவர்ப்பாக்கியது. மாசுபடுத்தியவரே அதன் இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் என்னும் நெறியை 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது, இக்கேட்டினை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கிலேதான்.

தோல்தொழில் எண்ணற்ற குடும்பங்களுக்குச் சோறிடுகிறது என்பதும் உண்மையே. ஆகவே, தொழிலை மூடுவது தீர்வாகாது. கழிவைத் தூய்மைசெய்யும் செலவைத் தொழிலின் செலவாகவே கொள்ளுதல் வேண்டும். மணலுக்கோ அத்தகைய மாற்று வழியும் இல்லை. பல நூற்றாண்டு வெள்ளங்கள் கொண்டுவந்து சேர்த்த மணலைச் சில ஆண்டுகளில் மனிதரால் மீட்டுத்தர இயலாது. எஞ்சியதைக் காப்பதொன்றே வழி.

வறண்ட ஆறு வெற்றுநிலமன்று, மூடிவைத்த நீர்ப்பானை. பானையையே உடைத்துவிட்டால், நாளை பெய்யும் மழையை எதில் ஏந்துவோம்?