வாசகர் கேள்வி: புதுச் செயின் போட்டும் சைக்கிள் நழுவுவது ஏன்?

திசையன்விளைப் பகுதி வாசகர் ஒருவர், முருங்கைக்காய்க் கட்டைக் கேரியரில் வைத்துச் சந்தைக்குப் போகிறவர், எழுதியிருக்கிறார். மேட்டில் ஊன்றி மிதித்தால் செயின் டக்கென்று துள்ளுகிறதாம். கால் வழுக்கி ஒருமுறை விழுந்தும் விட்டார். போன மாதம்தான் புதுச் செயின் மாட்டியது. அது போலிச் செயினா என்று கேட்கிறார்.

செயின் மேல் குற்றம் இருக்க வாய்ப்புக் குறைவு. பின்சக்கரத்து ஃப்ரீவீல் பற்களைப் பார்க்க வேண்டும். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்த பல், பாளை அரிவாள் மூக்குப் போல ஒரு பக்கம் வளைந்திருக்கும். அதில் புதுச் செயின் உட்காராது. பாரம் ஏறினால் மேலே ஏறித் துள்ளும். ஃப்ரீவீலையும் மாற்றினால்தான் தீரும். அதைக் கழற்றத் தனிச் சாவி தேவை, கடையில் கொடுப்பதே நல்லது. பல் துள்ளாமல், பெடல் மட்டும் வெறுமனே சுற்றினால் கோளாறு ஃப்ரீவீலின் உள்நாக்கில் இருக்கிறது.

செயின் ரப்பர் போல இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு ஆணியும் அதன் துளையும் தேய்ந்து இடைவெளி விழுவதால்தான் நீளம் கூடுகிறது. தேரிச் செம்மணல் எண்ணெயோடு கலந்தால் சாணைக்கல் மாதிரி அராவும். மணற்பாதையில் ஓடும் சைக்கிளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

தேய்மானத்தை வீட்டிலேயே அளக்கலாம். இரும்பு அடிக்கோலின் 0 குறியை ஓர் ஆணியின் நடுவில் வைத்தால், நல்ல செயினில் அதிலிருந்து 24-வது ஆணியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/16 அங்குலம் கூடியிருந்தால் புதுச் செயினுக்குப் பணம் எடுத்து வைக்க வேண்டும். 1/8 ஆகும்வரை விட்டால் பெரும்பாலும் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துச் செலவு. இந்த வாசகருக்கு நேர்ந்தது அதுதான்.

மாற்றும்போது பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டக் கூடாது. பழையது நீண்டு போனது. கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும். லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் அது முன்பக்கம். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்று விழும், நடுரோட்டில் செயின் அறுந்தது போலாகிவிடும். பிறகு பின்சக்கரத்தை இழுத்து, நடுச்செயின் மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடும்படி வைத்து, சக்கரம் ஃபோர்க்கின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்து நட்டுகளை முறுக்க வேண்டும். பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் இந்த ஆட்டத்தைப் பார்ப்பது முக்கியம்.

எண்ணெய் விடுமுன் செயினைத் துணியால் துடைக்க வேண்டும். மண் அதிகமிருந்தால் பம்ப்செட்டுக்கு வாங்கிய டீசலில் கொஞ்சம் போதும். தையல் மெஷின் எண்ணெய் ஆணிக்கொரு சொட்டு விட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். ஈரமாக விட்டால் மணல் ஒட்டும். டிராக்டரில் வடித்த கழிவு எண்ணெய் வேண்டவே வேண்டாம். பிளஸ் 1 பிள்ளைகளுக்கு அரசு தந்த சைக்கிள் வீட்டில் இருந்தால், அதன் செயினையும் இந்த வாரம் ஒருமுறை அளந்து பார்க்கலாம்.