நம் பாலம் தாங்குமா? கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

மாணவர்களே, 2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை காலை 6.13 மணி உங்களுக்கு நினைவிருக்கும். சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் நடுங்கியது. மலாக்கா, நெகிரி செம்பிலான் வரை அதிர்வு உணரப்பட்டது. அதன் பிறகு என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, சுங்கை ஜொகூர் பாலம் விழுந்துவிடுமா?" பின்வரிசையிலிருந்து உடனே ஒரு குரல்: "மலேசியாவில் அதெல்லாம் நடக்காது."

அந்தப் பயமும் சரி, இந்தத் துணிச்சலும் சரி, கணக்குப் போடாமல் வந்தவை. கேள்வியையே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. எப்படிப்பட்ட நிலநடுக்கத்தில், பாலத்தின் எந்தப் பகுதிக்கு, எவ்வளவு சேதம் வரக்கூடும் என்று கேட்க வேண்டும்.

செனாய்–டெசாரு விரைவுச்சாலையில் 2011இல் திறக்கப்பட்ட சுங்கை ஜொகூர் பாலம் ஒரு கம்பிவடப் பாலம். உயர்ந்த கோபுரங்களிலிருந்து சாய்வாக இறங்கும் வடங்கள் சாலைத்தளத்தைத் தாங்குகின்றன. நடுப்பகுதி மட்டும் 500 மீட்டர் நீளம். இத்தகைய நீண்ட பாலங்கள் மெதுவாக ஆடுபவை. ஒருமுறை ஆடி முடிக்கச் சில வினாடிகள் ஆகும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு குச்சியில் இரண்டு நூல்களைக் கட்டுங்கள். ஒன்று 25 சென்டிமீட்டர், இன்னொன்று 1 மீட்டர். இரண்டின் நுனியிலும் ஒரே அளவு எடையைத் தொங்கவிடுங்கள். குட்டை ஊசலின் அலைவு காலம் 1 வினாடி, நீண்டதன் அலைவு காலம் 2 வினாடி. குச்சியை வினாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்தால் குட்டை ஊசல் குதித்தாடும். நீண்டது அவ்வளவாக ஆடாது. இரண்டு வினாடிக்கு ஒருமுறை அசைத்தால் நீண்டது ஆடத் தொடங்கும். இதுதான் ஒத்ததிர்வு. பள்ளியில் ரெசோனன்ஸ் என்று படிக்கிறோமே, அதேதான்.

நிலநடுக்கம் குச்சியை அசைக்கும் கை. சிகாமட்டில் ஏற்பட்டது போன்ற சிறிய நடுக்கம் வேகமாக, சிறிது நேரமே அசைக்கும். அதனால் நீண்ட பாலத்தைவிடத் தாழ்வான வீடுகளே அதை அதிகம் உணரும். 2005 மார்ச் 28 இரவு சுமத்ராவின் நியாஸ் தீவருகே ஏற்பட்ட நடுக்கம் வேறு வகை. அதன் அளவு 8.6. சிகாமட் நடுக்கத்தைவிட 5 மில்லியன் மடங்குக்கும் மேலான ஆற்றல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வரும்போது வேகமான அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவானவை தாக்குப்பிடித்து வந்து சேரும். தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உயரமான கட்டடங்களில் இருந்தவர்கள் அதை உணர்ந்தார்கள். மெதுவாக ஆடும் பாலத்தைப் பொறுத்தவரை, பக்கத்துச் சிறு நடுக்கத்தைவிடத் தூரத்துப் பெரு நடுக்கமே கவனிக்க வேண்டியது.

பொறியாளர்கள் இதைக் கணினி மாதிரியில் ஆராய்கிறார்கள். கோபுரம், வடம், தளம், தூண் ஒவ்வொன்றுக்கும் நிறை, விறைப்பு, தணிப்பு ஆகியவற்றைக் கொடுப்பார்கள். பிறகு பல நிலநடுக்கப் பதிவுகளால் மாதிரியை ஆட்டிப் பார்த்து, எத்தனை முறை எந்தப் பகுதி சேதமாகிறது என்று எண்ணுவார்கள். கிடைக்கும் விடை "விழும்" என்றோ "விழாது" என்றோ இருக்காது. இவ்வளவு ஆட்டத்திற்கு இன்ன சேதம் வர இவ்வளவு வாய்ப்பு என்று இருக்கும். 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில், கட்டி முடியும் தறுவாயில் இருந்த ஜி-லு கம்பிவடப் பாலம் பெரும் நடுக்கத்தில் சிக்கியது. கோபுரத்தின் கான்கிரீட் சிதைந்தது, ஒரு வடம் கழன்றது. ஆனால் பாலம் விழவில்லை.

மாதிரியும் தவறலாம். நாம் கொடுக்கும் எண்களைத்தான் அது நம்பும். அடியில் சேறாக இருக்கும் இடத்தைப் பாறை என்று கொடுத்தால் விடை பொய்யாகிவிடும். 1985இல் மெக்சிகோ நகரம், 350 கிலோமீட்டருக்கும் அப்பால் ஏற்பட்ட நடுக்கத்தால் பேரழிவைச் சந்தித்தது. பழைய ஏரியின் சேற்று மண், மெதுவான அலைகளைப் பல மடங்கு பெருக்கிவிட்டது. நம் பாலங்களும் ஆறுகளின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே அடிமண்ணைச் சோதிக்க வேண்டும். பாலம் காற்றிலும் லாரிகள் ஓடும்போதும் உண்மையில் எப்படி ஆடுகிறது என்று அளந்து, மாதிரியைத் திருத்த வேண்டும்.

2015 ஜூன் 5 அன்று சபாவின் ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தனர். நிலநடுக்க வடிவமைப்புக்கான மலேசியாவின் தேசிய இணைப்பு வெளிவந்தது 2017இல்தான். அது முதன்மையாகக் கட்டடங்களுக்கானது. அதற்கு முன் கட்டப்பட்ட பாலங்கள் பலவீனமானவை என்று இதற்குப் பொருள் இல்லை. புதிய அறிவு கிடைத்த பின் பழைய கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதுதான் முறை. விடை கிடைத்தால் வழியும் உண்டு. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலத்தில், அதிர்வைத் தணிக்கும் இயற்கை ரப்பர் தாங்கிகள் பொருத்தப்பட்டுள்ளன. நம் தாத்தா பாட்டிகள் தோட்டத்தில் சீவிய அதே மரத்தின் பால்தான் அது.

நீண்ட பாலங்களில் அளக்கப்படும் அதிர்வுத் தரவுகள் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அந்தப் பாலத்தில் தினமும் போகிறவர்கள் நம் வீட்டார்தாம். யாராவது "பாலம் பாதுகாப்பானது" என்றோ "ஆபத்தானது" என்றோ சொன்னால், பணிவாகக் கேளுங்கள்: "எந்த நிலநடுக்கத்தை வைத்துக் கணக்கிட்டீர்கள்? எந்த மண்ணை வைத்து? அளந்து சரிபார்த்தீர்களா?" அதுவரை அந்த இரண்டு நூல்களை ஆட்டிப் பாருங்கள்.