பிறர் முற்றத்தில் நம் நெல்

நிரல் எழுதும் இளைஞன் ஒருவனை அழைத்து, "நீ எழுதியவையெல்லாம் எங்கே இருக்கின்றன?" என்று கேட்டுப் பாருங்கள். தன் மேசைமேல் இருக்கும் கணினியைச் சுட்டிக்காட்ட மாட்டான். அமெரிக்கக் கம்பனி ஒன்றின் பெயரைச் சொல்லுவான். பெருமையோடுதான் சொல்லுவான். விளைந்த நெல்லைப் பிறர் முற்றத்திற் குவித்துவிட்டு, அந்த முற்றத்தின் அகலத்தை வியந்து நிற்கும் உழவனை நாம் என்னவென்போம்?

இதிலுள்ள வேடிக்கை, அந்த இளைஞன் கையாளும் கருவி குத்தகைக்காரருக்காக ஆக்கப்பட்டதன்று என்பதே. அது பிறந்ததே உடைமையாளர் ஒருவர் கதவடைத்தபோதுதான். லினக்ஸ் கர்னலை எழுதுவோர் 2002ஆம் ஆண்டு முதல் பிட்கீப்பர் என்னும் தனியுடைமை மென்பொருளிலே தம் திருத்தங்களைப் பதிந்து வந்தனர். இலவசமாகத் தந்த அனுமதியை 2005இல் அதன் உரிமையாளர் மீட்டுக்கொண்டார். அவ்வாண்டு ஏப்ரலில் லினஸ் டோவால்ட்ஸ் 'கிட்' என்னும் கருவியை எழுதத் தொடங்கினார். எந்த வரியை, எவர், எப்போது, ஏன் மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கிறது. அத்துடன், களஞ்சியத்தைப் பிரதி செய்த ஒவ்வொருவரிடமும் முதல்நாள் வரியிலிருந்து நேற்றைய திருத்தம் வரை முழு வரலாறும் இருக்கும். மூலம் என்றும் நகல் என்றும் மேல் கீழ் அங்கே இல்லை. இத்தகைய பொதுவுடைமைக் குணம் கொண்ட கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, 2008இல் தோன்றிய கிட்ஹப் என்னும் ஒரே பண்டகசாலையின் வாசலில் நாமெல்லோரும் வரிசையில் நிற்கிறோம்!

அப்பண்டகசாலையை 2018இல் மைக்ரோசொப்ட் 750 கோடி டொலர் பெறுமதியில் வாங்கியது. எதை வாங்கியது? கட்டடத்தையும் யந்திரங்களையும் மட்டுமா? கோடிக்கணக்கானோர் கூலியின்றிக் கொட்டிய உழைப்பையும், வேறிடம் போக மனமில்லாத அவர்களின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கியது. 2021இல் அந்தப் பொது நிரல்களை உண்டு வளர்ந்த 'கோபைலட்' வெளிவந்தது. மறு ஆண்டே அது மாதக் கட்டணத்துக்கு விற்கப்பட்டது. எழுதியவரைக் கேட்டார்களா? கேட்கவில்லை. எழுதியவரே இப்போது காசு கொடுத்து வாங்குகிறார்.

2019இல் நடந்தது இதனினும் கொடிது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையைக் காட்டி, ஈரானிலும் சிரியாவிலும் கிரைமியாவிலும் இருந்தவர்களின் கணக்குகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. பொதுக் களஞ்சியங்கள் தப்பின. தனிக் களஞ்சியங்கள் பூட்டப்பட்டன. வாஷிங்டனின் வெளிநாட்டுக் கொள்கைக்கும் தெஹ்ரானில் பாடம் படிக்கும் மாணவனுக்கும் என்ன வழக்கு? ஈரானியருக்குக் கதவு திறக்க 2021 ஜனவரி வரை சென்றது. அதுவும் அமெரிக்க அரசின் அனுமதிச்சீட்டுக் கிடைத்த பின்னரே.

கம்பனி நல்லதாயிருந்தால் என்ன குறை என்பார் உண்டு. கூகிள் 2006இல் திறந்த கூகிள் கோட் 2016இல் மூடப்பட்டது. கிட்டோரியஸ் 2015இல் மறைந்தது. 'மேர்கூரியல்' முறையில் வைத்த களஞ்சியங்களை 2020இல் பிட்பக்கெட் கைவிட்டது. இவற்றில் எவருடைய கெட்ட எண்ணமும் வேண்டியிருக்கவில்லை. இலாபக் கணக்கே போதுமாயிருந்தது.

சரி, மாற்று வழி என்ன? பெரிய ஸ்தாபனமோ பெருமுதலோ தேவையில்லை. 'ஸ்டாகிட்' என்றொரு சிறு நிரல் உண்டு. சி மொழியில் எழுதப்பட்டது. களஞ்சியத்தைப் படித்து, திருத்தங்களின் பட்டியலுக்கு ஒரு பக்கம், கோப்புகளின் பட்டியலுக்கு ஒரு பக்கம், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒவ்வொரு பக்கம் என்று சாதாரண எச்.ரி.எம்.எல். பக்கங்களாக அது எழுதி வைத்துவிடும். அதன்பின் தரவுத்தளம் இல்லை, கடவுச்சொல் இல்லை, இரவு பகலாய் ஓடும் நிரலும் இல்லை. கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கத் தெரிந்த எந்தப் பழைய கணினியும் சேவையகமாகலாம். புதிய திருத்தம் வந்து சேர்ந்ததும் பக்கங்களை மீண்டும் எழுதும்படி கிட்டுக்கே சொல்லிவைக்கலாம். கிட்டில் உள்ள ஒரு கட்டளையால் அட்டவணைக் கோப்புகளைப் புதுப்பித்து வைத்தால், வாசிப்பவர் அதே சேவையகத்திலிருந்து களஞ்சியம் முழுவதையும் பிரதி செய்துகொள்ளவும் முடியும். சேவையகம் பழுதானாற் கோப்புறையை வேறொன்றுக்குத் தூக்கிச் சென்றாற் போதும்.

ஆயிரக்கணக்கான திருத்தங்கள் கொண்ட பெருங்களஞ்சியங்களுக்கு இது மந்தமானது. ஆக்கியோரே அதனை ஒப்புகின்றனர். நம் மாணவர் களஞ்சியங்களில் ஐம்பதோ நூறோ திருத்தங்கள் இருக்கும். யானைக்கு வேண்டிய கொட்டிலை ஆட்டுக்குட்டிக்கு ஏன் வாடகைக்கு எடுக்கவேண்டும்?

இந்த எளிமைக்குள் ஒரு வலிமையும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக் கம்பனிகள் ஏவிவிட்ட தானியங்கி நிரல்கள் இன்று களஞ்சியத் தளங்களை மொய்க்கின்றன. கேட்குந்தோறும் பக்கத்தைப் புதிதாய்க் கணக்கிட்டுக் கொடுக்கும் தளங்கள் அவற்றின் கீழ் மூச்சுத்திணறுகின்றன. 2025இல் க்னோம் திட்டத்தார் தம் தளத்தின் வாசலிற் காவல் நிரலொன்றை நிறுத்த நேர்ந்தது. முன்னரே எழுதி வைத்த பக்கத்துக்கு அந்தச் சுமை மிகக் குறைவு. அள்ளிச் செல்பவன் இங்கும் வந்து அள்ளக்கூடும்; அதனை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவனுக்கு நாமே வண்டி கட்டிக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லையே.

முகவரிப் பெயருக்கு ஆண்டுதோறும் பணம் கட்டவேண்டும், ஆகவே இதுவும் குத்தகைதான் என்று சிலர் வாதிடுகின்றனர். உண்மை. ஆனால் பெயர் பறிபோனால் பெயர்தான் போகும். நெல் வீட்டில் இருக்கும். வேலை தருவோர் கிட்ஹப் பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள் என்று மாணவர் சொல்வதை நான் அலட்சியம் செய்யவில்லை. வயிற்றுப்பாட்டைப் பரிகசிப்பது முற்போக்கு ஆகாது. அங்கே ஒரு பிரதி இருக்கட்டும். மூலம் உங்கள் கையில் இருக்கட்டும். அங்குள்ளது சந்தைக்குக் கொண்டுபோன மாதிரிப் பிடியாக மட்டும் இருக்கட்டும்.

அயலவர் திருத்தம் சொல்ல விரும்பினால் வழி எங்கே என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கிறார்கள். திருத்தத்தைக் கடிதமாக்கி மின்னஞ்சலில் அனுப்பும் கட்டளைகள் கிட்டுடனேயே வருகின்றன. உலகத்துச் சேவையகங்களிற் பெரும்பாலானவற்றை இயக்கும் லினக்ஸ் கர்னலின் திருத்தங்கள் இன்றும் அந்த அஞ்சல் வழியேதான் பெரும்பாலும் போய் வருகின்றன.